தேன் பெட்டில உண்ணியா? மருந்து வாங்கறதுக்கு முன்னாடி நாள் கணக்க புடிங்க

கொடுங்கையூர், மூலக்கடை, கொளத்தூர், திருவொத்தியூர்னு நம்ம வடசென்னை மொட்ட மாடிங்கள்ல இப்ப அங்கங்க தேன் பெட்டி பாக்கறேன், ரொம்ப சந்தோஷமா இருக்கு. முருங்க, புங்க மரம், வேம்பு, தூங்குமூஞ்சி, மணலி எண்ணூர் பக்கம் போனா சீமக்கருவேலம்னு தேனீ வயித்துக்கு இங்க வழி இருக்கு. ஆனா பெட்டி கொஞ்சம் சோந்து போனா எல்லாரும் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "உண்ணி வந்துருச்சு போல, என்ன மருந்து போடலாம்?" மருந்து பேரு சொல்றது ஈஸி. அத எந்த நாள்ல போடறோம்ங்கறதுதான் விஷயமே, ஏன்னா பெட்டில இருக்கற உண்ணில பாதிக்கு மேல எப்பவும் நம்ம கண்ணுக்கும் படாது, பல மருந்துக்கும் சிக்காது, புழு வளர்ற அறையோட மெழுகு மூடிக்கு உள்ள உக்காந்துக்கினு குடும்பம் நடத்திட்டு இருக்கும். அந்த மூடிக்குள்ள எந்த நாள் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்காம கைக்கு கெடச்சத ஊத்தினா காசும் போச்சு, தேனீயும் போச்சு.

மொதல்ல உங்க பெட்டில இருக்கறது எந்தத் தேனீன்னு பாருங்க, இதுலயே பாதி பேருக்கு பிரச்சன முடிஞ்சிடும். மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து வந்த சின்ன பெட்டின்னா அநேகமா அடுக்குத் தேனீ, நம்ம ஊர் தேனீ. பெட்டியும் பெருசு, தேனீயும் பெருசா மஞ்சளா இருக்குன்னா இத்தாலியத் தேனீ, அது 1960கள்ல வடக்க இமாச்சல், பஞ்சாப் பக்கம் கொண்டாந்து வளத்து அப்பறம் நாடு பூரா போனது. அப்பார்ட்மென்ட் தண்ணி டேங்க் அடியில, மேம்பாலத்து அடியில ஒரே பெரிய அடையா தொங்கறது மலைத்தேனீ. செடி கொப்புல கையளவு ஒத்த அடை கட்டறது கொம்புத் தேனீ. இந்த ரெண்டையும் பெட்டில வளக்க முடியாது. கொசுத்தேனீ வெச்சிருக்கறவங்க வரோவாவுக்கு, அதாவது நாம பேசற இந்த உண்ணிக்கு, பயப்பட வேணாம்.

வரோவா உண்ணி பெருசா பலி வாங்கறது இத்தாலியத் தேனீயதான். காரணம் இருக்கு. இந்த உண்ணி மொதல்ல இருந்து வாழ்ந்தது ஆசியாவோட அடுக்குத் தேனீ மேல, 1904லயே ஜாவாவுல கண்டுபுடிச்சு பேரு வெச்சாங்க. மனுசன் இத்தாலியத் தேனீய ஆசியாவுக்கு கொண்டாந்து ரெண்டையும் பக்கம் பக்கமா வெச்சான், உண்ணி தாவிருச்சு. ரொம்ப வருஷம் அது அதே ஜாவா உண்ணிதான்னு நெனச்சிட்டு இருந்தாங்க, 2000லதான் ஆண்டர்சன், ட்ரூமேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க உலகம் பூரா பெட்டிங்கள காலி பண்றது வேற இனம்னு பிரிச்சு காட்டி வரோவா டெஸ்ட்ரக்டர்னு பேரு வெச்சாங்க.

பாக்க எப்டி இருக்கும்னா, பொண்ணு உண்ணி செவப்பு கலந்த பிரவுன் கலர்ல, தட்டையா, பளபளன்னு இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், அகலம் ஒன்றரைக்கு மேல. நீளத்த விட அகலம் ஜாஸ்தி, அதனால நடக்கறப்ப காசிமேட்டுல கூடைய விட்டு எறங்கி ஓடற குட்டி நண்டு கணக்கா தெரியும். தேனீ வயித்துப் பக்கம் தகடு தகடா மடிஞ்சிருக்குல்ல, அந்த மடிப்புக்குள்ள சொருகிக்கும், அதனால அடை மேல ஓடற தேனீங்கள சும்மா மேலாக்க பாத்துட்டு "உண்ணி இல்ல"ன்னு சொல்லவே முடியாது. ஆம்பள உண்ணி வெளிய வர்றதே இல்ல, வெளிர் மஞ்சளா சின்னதா அறைக்குள்ளயே பொறந்து அறைக்குள்ளயே செத்துப் போயிடும். தேனீயோட ரத்தத்த குடிக்குதுன்னுதான் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, 2019ல சாமுவேல் ராம்ஸியும் கூட இருந்தவங்களும் வளந்த தேனீகிட்ட அது முக்கியமா திங்கறது கொழுப்பு உடலன்னு காட்டினாங்க. நமக்கு கல்லீரல் செய்யற வேலை பலதும் தேனீக்கு அந்த உறுப்புதான் செய்யுது, நோய் எதுக்கற சக்தி, விஷத்த முறிக்கறது எல்லாமே அதுலதான். கூடவே இறக்கை முடங்கிப் போற வைரஸையும் உள்ள ஏத்தி விட்டுடும். பெட்டிய கடைசியா சாகடிக்கறது பல சமயம் அந்த வைரஸ்தான்.

இப்ப மூடிக்குள்ள நடக்கற கதை, இத பொறுமையா படிங்க. இத்தாலியத் தேனீல ராணி முட்ட வெச்சு 3 நாள்ல புழு வரும், அது ஒரு 6 நாள் சாப்ட்டு வளரும், அப்பறம் வேலைக்காரத் தேனீங்க அறைய மெழுகால மூடிடும். மூடினதுக்கு அப்பறம் 12 நாள், மொத்தம் 21 நாள்ல வேலைக்காரத் தேனீ வெளிய வரும். ஆண் தேனீன்னா மொத்தம் 24 நாள், அதுல மூடியிருக்கறது 14, 15 நாள். தாய் உண்ணி நர்ஸ் வேலை பாக்கற எளந் தேனீ மேல சவாரி பண்ணிட்டே இருந்து, மூடறதுக்கு ஒரு நாளுக்கும் கம்மியா இருக்கறப்ப டக்குனு அறைக்குள்ள எறங்கிடும், ஆண் அறைன்னா ரெண்டு நாள் முன்னாடியே எறங்கிடும். எறங்கினது நேரா புழுவுக்கு அடியில போய் அதோட சாப்பாட்டுக் கூழுக்குள்ள முங்கிக்கும். மூடி போட்டு 60, 70 மணி நேரம் கழிச்சு மொத முட்ட, அது ஆம்பள. அதுக்கப்பறம் சுமாரா 30 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு பொண்ணு முட்டைங்க. கூட்டுப்புழு மேல ஒரே எடத்துல ஓட்ட போட்டு குடும்பமே அங்க வந்து சாப்புடும். அண்ணன் தங்கச்சிங்க கூட அங்கயே சேந்துடுது. தேனீ மூடிய கடிச்சுக்கிட்டு வெளிய வர்றப்ப தாய் உண்ணியும் முதிர்ந்த பொண்ணுங்களும் அதோட தொத்திக்கினு வந்துடும், வளராத குஞ்சுங்க உள்ளயே காஞ்சு போயிடும்.

வேலைக்கார அறைல ஒரு தடவைக்கு முழுசா வளர்ற பொண்ணுங்க ஒண்ணு, ஒன்றரைதான். ஆண் அறைல ரெண்டுக்கு மேல, ஏன்னா அங்க ரெண்டு மூணு நாள் எக்ஸ்ட்ரா கெடைக்குது. அதனாலதான் உண்ணிக்கு ஆண் அறைன்னா அவ்ளோ இஷ்டம்.

அடுக்குத் தேனீ ஏன் தாக்குப் புடிக்குதுங்கறதும் இங்கயே வெளங்கிடும். அதோட வேலைக்கார அறைல உண்ணி பெரும்பாலும் குட்டி போடறதே இல்ல, ஆண் அறைல மட்டும்தான் பெருகுது. ஆண் அறை வருஷத்துல கொஞ்ச காலம்தான் இருக்கும். மேல ஏறின உண்ணிய அடுக்குத் தேனீ தானும் தட்டி விடும், கூட இருக்கறதும் சுத்தம் பண்ணி விடும். அதோட ஆண் அறை மூடிய பாத்திருக்கீங்களா, நடுவுல குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்ட இருக்கும், மூடியும் தடிமன். உள்ள உண்ணி ஜாஸ்தியா ஏறி அந்த ஆண் தேனீ பலம் இல்லாம போச்சுன்னா அதால மூடிய ஒடச்சிக்கினு வர முடியாது, உண்ணியும் அதோட சேந்து உள்ளயே பொதைஞ்சு போயிடும். இதெல்லாம் இத்தாலியத் தேனீக்கு அந்த அளவுக்கு கெடையாது.

அடுத்தது நம்ம ஊர் சூடு. குளிர் நாடுங்கள்ல பனிக் காலத்துல ராணி முட்டைய நிறுத்திடும், ரெண்டு மூணு மாசம் மூடின அறையே இருக்காது, உண்ணிக்கு பெருக எடம் இல்ல, அந்த நேரத்துல ஒரு மருந்து போட்டா எல்லாம் வெளியதான இருக்கு, மாட்டிக்கும். சென்னைல பனியா, குளிரா? ராணி பாட்டுக்கு வருஷம் பூரா கொஞ்சமோ நெறையவோ முட்ட வெச்சிட்டே இருக்கும், உண்ணிக்கும் லீவே இல்ல. பூ முடிஞ்சு ராணி முட்டைய கொறைக்கறப்ப இன்னும் மோசம், அறை கொறஞ்சு போச்சு ஆனா உண்ணி கொறையல, அப்ப ஒவ்வொரு அறைலயும் ரெண்டு மூணு தாய் உண்ணி எறங்கும். தேன் நல்லா எடுத்த பெட்டி ஒண்ணு ரெண்டு மாசத்துல திடீர்னு படுத்துடுச்சுன்னு சொல்றவங்க பலருக்கு நடந்தது இதுதான். அதனால இங்கிலீஷ் வீடியோல "டிசம்பர்ல இத போடுங்க"ன்னு சொல்றத அப்டியே இங்க செய்யறது வேலைக்கு ஆவாது. அவங்களுக்கு குளிர் தானா செஞ்சு குடுக்கற இடைவெளிய நாம கையால செய்யணும்.

எப்டி வருதுன்னு கேட்டா, முக்கால்வாசி நாமதான் கொண்டாந்து விடறோம். வாங்கற கூட்டம், நண்பர் குடுத்த புழு அடை, இந்த பெட்டி வீக்கா இருக்குன்னு அந்த பெட்டி சட்டத்த, அதாவது அடை கட்டியிருக்கற மரச் சட்டத்த, மாத்தி வெக்கறது. அடுத்தது கொள்ள. சாவற நிலைமைல இருக்கற பெட்டிய பக்கத்து பெட்டி தேனீங்க வந்து தேன கொள்ளையடிக்கும், போறப்ப உண்ணியையும் ஏத்தினு போவும். அப்பறம் வழி தவறி வேற பெட்டிக்குள்ள போறது, முக்கியமா ஆண் தேனீங்க, அதுங்கள எந்த பெட்டியும் பெருசா தடுக்காது. மாடில இடம் கம்மின்னு நாலு பெட்டிய ஒரே கலர்ல ஒரே திசை பாத்து வரிசையா வெச்சிருப்பீங்க, மாத்துங்க. ஒண்ணு நீலம் ஒண்ணு மஞ்சள்னு பெயின்ட் அடிச்சு வாசல வேற வேற பக்கம் திருப்பி வெச்சாலே கொழப்பம் கொறையும்.

துறைமுகத்த ஒட்டி இருக்கற நமக்கு ஒரு விஷயம் சொல்லணும். ஆஸ்திரேலியா ரொம்ப வருஷம் வரோவா இல்லாத நாடா இருந்துச்சு, 2022 ஜூன்ல நியூகாஸில் துறைமுகத்துல காவலுக்கு வெச்சிருந்த தேன் பெட்டிலதான் மொதல்ல புடிச்சாங்க. சுத்துவட்டாரத்துல பெட்டிங்கள அழிச்சு பாத்தாங்க, முடியல, 2023 செப்டம்பர்ல இனிமே ஒழிக்க முடியாது, கூடவே வாழக் கத்துக்கணும்னு முடிவு பண்ணாங்க. அவ்ளோ காவல் போட்ட நாட்டுக்கே அந்த கதி. நம்ம ஊர்ல "என் பெட்டில வராது"ன்னு நெனைக்கவே வேணாம்.

சரி, பெட்டி முன்னாடி தேனீ செத்துக் கெடந்தா உடனே உண்ணி மேல பழி போடாதீங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்த பெட்டி, இன்னிக்கு காலைல வாசல்ல குவியலா செத்துருக்கு, பலதுக்கு நாக்கு வெளிய நீட்டிட்டு இருக்குன்னா அது பூச்சி மருந்து. சாயங்காலம் தெருவுல கொசுப் புகை அடிச்சாங்களான்னு யோசிச்சு பாருங்க. அடிக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா ஈரத் துணியால பெட்டிய மூடி, காத்து போற மாதிரி வெச்சு, புகை கலஞ்சதும் எடுத்துடுங்க. அடுக்குத் தேனீல புழு பை மாதிரி வீங்கி, தல பக்கம் தூக்கிக்கினு செத்துருந்தா அது தாய்லாந்து பேர்ல இருக்கற 'தாய் சாக்புரூட்'ங்கற புழு நோய் வைரஸா இருக்கலாம், 1991, 92ல தென்னிந்தியா பூரா அடுக்குத் தேனீ பெட்டிங்கள காலி பண்ணது அதுதான், அதுக்கு உண்ணி மருந்து போட்டு பிரயோஜனம் இல்ல. உண்ணி கேஸ்ல சாவு மெதுவா இருக்கும். வாசல்ல தரையில நடந்து போற எளந் தேனீங்க, இறக்கை சுருங்கி கசங்கின காகிதமா இருக்கும், வயிறு குட்டையா இருக்கும். அடைய தூக்கி பாத்தா மூடின அறைங்க நடுநடுவுல காலியா, ஓட்டையா இருக்கும். காலி அறைய வெயில்ல சாய்ச்சு புடிச்சு அறையோட மேல் சுவத்த பாருங்க, வெள்ளையா சுண்ணாம்புப் புள்ளி தெரியும், அது உண்ணியோட எச்சம். இத பாத்துட்டீங்கன்னா சந்தேகமே வேணாம்.

இந்த அடையாளம் எல்லாம் தெரியறப்ப லேட்டுங்க. அதுக்கு முன்னாடியே எண்ணிப் பாக்கணும். அதுக்கு சக்கர டெஸ்ட் இருக்கு, தேனீ சாவறதில்ல, செலவும் கெடையாது.

அகலமான வாய் இருக்கற கண்ணாடி இல்ல பிளாஸ்டிக் ஜாடி ஒண்ணு எடுங்க, ஊறுகா ஜாடி போதும். மூடில நடுவுல வெட்டி கம்பி வல ஒட்டிடுங்க, வலக் கண்ணு 3 மில்லிமீட்டர் அளவுல இருக்கணும், உண்ணி விழணும் தேனீ விழக்கூடாது. புழு இருக்கற அடையா பாத்து எடுங்க, ஓரத்து தேன் அடைல உண்ணி கம்மியா இருக்கும், அத வெச்சு எண்ணினா ஏமாந்துடுவீங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ராணி அந்த சட்டத்துல இல்லன்னு ரெண்டு பக்கமும் நல்லா பாருங்க, இதுல அவசரமே வேணாம், ராணி ஜாடிக்குள்ள போச்சுன்னா பெட்டியே போச்சு. சட்டத்த ஒரு டப் மேல தட்டி, விழுந்த தேனீல 120 மில்லி அளவுக்கு கப்புல அள்ளி ஜாடில போடுங்க, அது சுமாரா 300 தேனீ. மூடிய போட்டு வல வழியா ரெண்டு பெரிய ஸ்பூன் ஐசிங் சுகர் போடுங்க. ஒரு நிமிஷம் ஜாடிய மெதுவா உருட்டுங்க, எல்லா தேனீயும் வெள்ளையா ஆயிடணும். நெழல்ல ரெண்டு மூணு நிமிஷம் வைங்க. தேனீ உடம்பு சூடும் சக்கரத் தூளும் சேந்து உண்ணியோட பிடி விட்டுப் போவும். அப்பறம் வெள்ளத் தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி அது மேல ஜாடிய கவுத்து நல்லா ஒரு நிமிஷத்துக்கு குலுக்குங்க. சக்கர தண்ணில கரைஞ்சிடும், செவப்பு புள்ளி புள்ளியா உண்ணிங்க மெதக்கும், சிலது கால ஆட்டும். தேனீங்கள திரும்ப பெட்டிலயே கொட்டிடுங்க, மத்ததுங்க நக்கி சுத்தம் பண்ணிடும்.

எண்ணின உண்ணிய மூணால வகுத்தா 100 தேனீக்கு எவ்ளோன்னு வரும். 3 தாண்டிருச்சுன்னா, அதாவது ஜாடில 9க்கு மேலன்னா தள்ளிப் போடாதீங்க. 1க்கு கீழன்னா நிம்மதியா இருங்க, ஒரு மாசம் கழிச்சு திரும்ப எண்ணுங்க. கடலோரத்துல ஒரு சிக்கல் இருக்கு, திருவொத்தியூர் காசிமேடு பக்கம் கடக்காத்து ஈரத்துல ஐசிங் சுகர் கட்டி புடிச்சிக்கும், ஈரமான சக்கர தேனீ மேல ஒட்டிக்கினு உண்ணிய விழ விடாது, கணக்கு கம்மியா காட்டும். புது பாக்கெட்ட ஒடைச்சு, சலிச்சு, வெயில் ஏறி காத்து கொஞ்சம் காஞ்சதுக்கு அப்பறம் செய்யுங்க. மழ நாள்ல வேணாம்.

பெட்டிக்கு அடியில எண்ண தடவின அட்ட வெச்சு விழற உண்ணிய எண்ற முறையும் இருக்கு, ஆனா நம்ம ஊர்ல எறும்பு வந்து செத்த உண்ணிய தூக்கினு போயிடும், கணக்கே தப்பும். அத செய்யணும்னா ஸ்டாண்ட் கால்ங்களுக்கு அடியில கிண்ணம் இருக்கணும். கிண்ணத்துல தண்ணிய ஊத்தாதீங்க, கொசு வளரும், மாநகராட்சி ஆளுங்க மாடிக்கு செக் பண்ண வந்தா பிரச்சன. மெக்கானிக் கடைல பழைய இன்ஜின் ஆயில் கேட்டு வாங்கி ஊத்துங்க.

ஆண் அறைய தொறந்து பாக்கறத மட்டும் விட்டுடாதீங்க. தண்டையார்பேட்டைல ஒரு அண்ணன் மாடில பாத்தது எனக்கு அப்டியே நிக்குது. அடையோட கீழ் ஓரத்துல துருத்திக்கினு நிக்கற ஆண் அறைங்கள முள் கரண்டிய படுக்க வெச்சு சொருகி தூக்கினாரு. பால் வெள்ளைல கூட்டுப்புழுங்க வரிசையா வந்துச்சு, கண்ணு மட்டும் ஊதா கலர் ஏறிருந்துச்சு. அந்த வெள்ள மேல பிரவுன் கலர்ல தாய் உண்ணி, பக்கத்துல வெளுத்த குஞ்சுங்க ரெண்டு மூணு, அசையாத புழு மேல அதுங்க மட்டும் ஊர்ந்துக்கினு இருந்துச்சு. "பாத்தியா தம்பி, வெளிய ஒண்ணு கூட தெரியல"ன்னாரு. ஊதா கண்ணு வந்த கட்டம்தான் பாக்க சரியான நேரம், அதுக்கு மேல புழுவே கருத்துடும், உண்ணி தெரியாது.

வரோவா தவிர இன்னொரு உண்ணியும் உண்டு, அது மலைத்தேனீயோட உண்ணி, பேரு ட்ரோபிலேலாப்ஸ். இத்தாலியத் தேனீ பெட்டிக்குள்ள இது வந்தா வரோவாவ விட வேகமா பெருகும். வித்தியாசம் கண்டுபுடிக்க ஈஸி, வரோவா அகலம், தேனீ மேல ஒட்டினு இருக்கும். இது ஒல்லியா நீளமா ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா இருக்கும், அடை மேல கடகடன்னு ஓடும். ஆனா இதுக்கு பெரிய பலவீனம் ஒண்ணு உண்டு, வளந்த தேனீகிட்ட இதால சாப்புட முடியாது, புழு இல்லன்னா சில நாள்லயே பட்டினில செத்துடும். அதனால சக்கர டெஸ்ட்ல இது சரியா மாட்டாது, மூடின அறைய தொறந்து பாத்தாதான் தெரியும்.

இப்ப வைத்தியம், இத்தாலியத் தேனீக்கு. நான் மனசார சொல்றது ராணிய கூண்டுல போடற முறை. சட்டத்துல பொருத்தற மாதிரி ராணிக் கூண்டு கெடைக்கும், அதோட சந்துல வேலைக்காரத் தேனீ போய் வந்து ராணிக்கு ஊட்டும், ராணி வெளிய வர முடியாது. அத புழு அறைக்கு நடு மையத்துல ரெண்டு அடைக்கு நடுவுல மாட்டிடுங்க. 24 நாள். ஏன் 24ன்னா கூண்டுல போட்ட அன்னிக்கு வெச்ச கடைசி முட்ட வேலைக்காரன்னா 21ம் நாளும் ஆண்னா 24ம் நாளும் வெளிய வந்துடும். இடைல தேனீங்க ராஜ அறை (புது ராணி வளக்கற அறை) கட்டுதான்னு வாராவாரம் பாத்து ஒடச்சிடுங்க. 24ம் நாள் பெட்டில மூடின அறை ஒண்ணு கூட இருக்காது. ட்ரோபிலேலாப்ஸ் இருந்தா அதுக்குள்ள அநேகமா செத்தே போயிருக்கும். வரோவா பூராவும் வெளிய தேனீ மேல, ஒளிய எடம் இல்லாம நிக்கும். அன்னிக்கு போடற ஒரு மருந்து மத்த நாள்ல போடற பல மருந்துக்கு சமம்.

அந்த மருந்து ஆக்ஸாலிக் ஆசிட். இது மெழுகு மூடிய தாண்டி உள்ள போவாது, அதனாலதான் மூடி இல்லாத நாளா பாத்து போடறோம். சுத்தமான லேப் தரமா பாத்து வாங்குங்க, பாரிமுனை பக்கம் கெமிக்கல் கடைங்கள்ல கேளுங்க, தர தொடைக்கற தூள் வேணாம். சக்கரையும் தண்ணியும் சம எடை போட்டு கரைச்ச பாகு 1 லிட்டருக்கு 35 கிராம், ஒரு பெட்டிக்கு அவ்ளோ வேணாம், 100 மில்லிக்கு மூன்றரை கிராம்னு எலக்ட்ரானிக் தராசுல நிறுத்துக்குங்க. தேனீ உக்காந்திருக்கற சந்து ஒவ்வொண்ணுலயும் சிரிஞ்சால 5 மில்லி, தேனீ மேலயே படற மாதிரி விடுங்க. மொத்தம் 50 மில்லிய தாண்டாதீங்க. சாயங்காலம் வெயில் எறங்கினதும் செய்யுங்க. கைக்கு ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், குழந்தைங்க மாடில இருக்கக் கூடாது, இது ஆசிட். மிச்ச பாக எடுத்து வெச்சு அப்பறம் போடாதீங்க. நாம சாப்புடற தேன் அடை பெட்டி மேல இருக்கறப்ப எந்த மருந்தும் வேணாம். மருந்து போட்டுட்டு அன்னிக்கே ராணிய தொறந்து விடுங்க, அது வெக்கற புது முட்ட மூட 9 நாள் ஆவும்.

எப்ப செய்யறதுன்னா மழக் காலத்துல, நவம்பர் கடைசில. நவம்பர் 25 கூண்டுல போட்டா டிசம்பர் 19 விடலாம், ஜனவரி 10 வாக்குல புது தேனீ வர ஆரம்பிக்கும், அது இன்னும் மூணு வாரத்துல பூவுக்கு போற வயசுக்கு வரும். பிப்ரவரிக்கு அப்பறம் முருங்க, புங்கம், வேம்பு பூக்கறப்ப உண்ணி இல்லாத எளம் படை ரெடியா இருக்கும். கூண்டுல இருக்கற நாள்ல மழயால பூ இல்லன்னா சக்கரப் பாகு குடுங்க. அந்த நேரம் தாண்டிருச்சு, இப்ப ஜூன்ல 100க்கு 4 வருதுன்னா நவம்பர் வரைக்கும் காத்திருக்காதீங்க, அப்பவே கூண்டுல போடுங்க.

ஃபார்மிக் ஆசிட் மட்டும்தான் மூடிக்குள்ளயும் போய் கொல்லும்னு படிச்சிருப்பீங்க. உண்மைதான், ஆனா அது ஆவியா போற வேகம் சூட்டுக்கு ஏத்த மாதிரி ஏறும், வெளிநாட்டு பாக்கெட்ல பகல் சூடு 29 டிகிரி சொச்சம் தாண்டக்கூடாதுன்னு போட்டிருக்கும். சென்னைல ஜனவரி மத்தியானமே அந்த கணக்கு கிட்ட வந்துடுது, சிமென்ட் மாடில இன்னும் ஜாஸ்தி. ராணியும் புழுவும் சேந்து சாவும், இல்லன்னா கூட்டமே பெட்டிய விட்டு ஓடிடும். நம்ம மாடிக்கு அது வேணாம்னு உறுதியா சொல்றேன். தைமால் ஜெல்னு இன்னொரு உண்ணி மருந்து இருக்கு, அது 40 டிகிரி வரைக்கும் தாங்கும், அக்னி நட்சத்திரத்துல மட்டும் தொடாதீங்க. ஃப்ளுவாலினேட்ங்கற உண்ணி மருந்து ஏத்தின பட்டை நெறைய நாட்டுல உண்ணிக்கு பழகிப் போச்சு, மெழுகுலயும் தங்கிடும், வருஷா வருஷம் அதையே மாட்டாதீங்க. கந்தகத் தூள் சட்டத்து மேல தூவறது நம்ம நாட்ல ரொம்ப நாளா இருக்கு, அதையும் மூடின அறை இருக்கறப்ப செஞ்சா பாதி பலன்தான்.

மருந்தே வேணாம்ங்கறவங்க ஆண் அடைய பொறியா வைங்க. ஆணுக்குன்னே ஒரு சட்டத்துல பாதி அடைய வெட்டி காலியா விட்டா தேனீங்க அங்க பெரிய அறையா கட்டும். மூடின ஒடனே அறுத்து எடுத்துடணும், ராணி முட்ட வெச்சதுல இருந்து 24 நாள் தாண்ட விட்டா நீங்களே உண்ணிப் பண்ண வெச்ச மாதிரி ஆயிடும். அறுத்தத குப்பைல திறந்து போடாதீங்க, ஃப்ரீசர்ல ஒரு நாள் வெச்சுட்டு கோழிக்கு போடுங்க.

அடுக்குத் தேனீ வெச்சிருக்கறவங்களுக்கு ஆசிட், பட்டை எதுவும் வேணாம். அதுங்களுக்கு தொந்தரவு தாங்காது, நாலு தடவ பெட்டிய தொறந்து நோண்டினாலே குடிய தூக்கினு போயிடும். கருத்துப் போன பழைய அடைய மாத்துங்க, ஆண் அறை ரொம்ப ஜாஸ்தியா இருந்தா கொஞ்சம் அறுங்க, மூடி நடுவுல ஓட்டையோட ரொம்ப நாள் தொறக்காம நிக்கற ஆண் அறைங்கள நோண்டி வெளிய போட்டுடுங்க, மத்தத அதுங்களே பாத்துக்கும். இத்தாலியப் பெட்டி சட்டத்த மட்டும் அதுக்குள்ள மாத்தி வெக்காதீங்க.

பெட்டிய தொறந்து அடைய கையில புடிச்சு கத்துக்கணும்னா கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல தேனீ வளப்பு பயிற்சி நடத்தறாங்க, போயிட்டு வாங்க, அடையாளம் கண்டுபுடிக்கறது எழுத்துல படிக்கறத விட அங்க சீக்கிரம் வரும்.

ராணிய விட்ட அன்னிக்கே ஒரு மாசம் தள்ளி ஒரு தேதிய பெட்டி மூடில மார்க்கர்ல எழுதிடுங்க, அன்னிக்கு திரும்ப சக்கர ஜாடிய எடுக்கணும். அப்ப 100க்கு 1க்கு கீழ வந்தா வேலை சரியா நடந்திருக்கு, அடுத்த பூ சீசன் முடியற வரைக்கும் மாசாமாசம் எண்ணிட்டே இருங்க. ஒரே மாசத்துல திரும்ப 3 தாண்டிருச்சுன்னா அநேகமா உங்க பெட்டில இருந்து வரல, சுத்துப்பட்டுல வேற எங்கயோ ஒரு பெட்டி சாஞ்சுட்டு இருக்கு, அங்க கொள்ளைக்கு போய் உங்க தேனீங்க ஏத்தினு வருது. பெட்டி வாசல ரெண்டு தேனீ போற அளவுக்கு சின்னதாக்குங்க, பக்கத்து தெருவுல வேற யாரு வெச்சிருக்காங்கன்னு விசாரிச்சு பேசுங்க, ரெண்டு மாடிலயும் ஒரே நாள்ல ராணிய கூண்டுல போடற மாதிரி தேதி முடிவு பண்ணுங்க.